அத்தானின் செடியும் சாளைத் தண்ணீரும்

தாவரவியல் வாத்தியார் வீட்டில் செடிகள் செழித்து வளரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல் டாக்டர் வீட்டில் யாருக்கும் பல்வலி வராது என்று நம்புகிறவர்களும் இவர்களேதான். நான் கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். என் கையால் ஊன்றி உருப்பட்டது என்று சொல்ல, எங்கள் ஊரான கொல்லயிலில், வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு முருங்கை நிற்கிறது. அதையும் செடி என்று நினைத்து நான் ஊன்றவில்லை. துணி காயப்போடக் கொடி கட்ட ஒரு கம்பு வேண்டியிருந்தது, ஊன்றினேன். அது என்னைக் கேட்காமல் முளைத்துவிட்டது.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும் என் அக்கா தன்னிடமிருந்த மிக அருமையான ஒரு பொருளை என்னிடம் ஒப்படைத்தாள். ஆகவே தப்பு அவள் மேலும் உண்டு. இதை இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன். கதை முடியும்போது மொத்தப் பழியும் என் தலையில்தான் இருக்கும், அப்போது சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஸ்டெல்லா அக்கா இங்கிலாந்தில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தவள். அவளுடைய கணவர் தாசன் அத்தான் இங்கே வாழைக்கு மண் அணைத்து வளர்ந்த மனிதர். அங்கே போனதும் அவருக்குக் கை அரித்திருக்கிறது. வீட்டின் பின்பக்கம் இருந்த நான்கு அடி மண்ணில் பூச்செடி வைக்க ஆரம்பித்தார். அந்த ஊர்த் தோட்டத்தின் போக்கே வேறு. குளிர்காலத்தில் எல்லாம் செத்தது போலக் காய்ந்து மண்ணுக்குள் போய்விடும். குளிர் போனதும் அதே வேரிலிருந்து திரும்பக் கிளம்பும். வருடா வருடம் விதைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட செடிகளில் அத்தானுக்கு உயிரான ஒன்று ஸீடம், அதிலும் உயரமாக வளரும் வகை. முழங்காலுக்கு மேல் நிற்கும். சதைப்பற்றான வெளிர்பச்சை இலை, ஓரத்தில் லேசாகப் பல். செப்டம்பர் வாக்கில் உச்சியில் குடை விரித்தாற்போல் பூ வரும். முதலில் இளஞ்சிவப்பு, நாள் போகப் போகச் செங்கல் நிறம். அத்தான் அதன் கம்பை வெட்டி வேர் பிடிக்கவைத்து, அந்த ஊரில் தெரிந்த வீட்டுக்கெல்லாம் கொடுப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுப்பது போல நேரில் போய்க் கொடுப்பார்.

அத்தான் தவறிப்போன மறு வருடம், ஏப்ரல் மாதத்தில் அக்கா ஊருக்கு வந்தாள். வந்த கையோடு பெட்டியைத் திறந்து கம்பளிக் காலுறைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே ஈரத்துணி, அதற்குள் ஆறு கம்புகள். (எந்த விமான நிலையத்தில் எந்த விதி என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.)

"எலே வில்சா, இது அத்தானுக்க செடியாக்கும்," என்றாள். "வீட்ட வித்தாச்சு. வாங்கினவன் பின்பக்கம் முழுக்க சிமென்ட் போடப்போறானாம். நான் இனி ஒம்பது மாசம் ஃபிளாட்டுல. அங்க மண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்குன்னு மிச்சம் இந்த ஆறு கம்புதான். வாற ஜனவரியில நான் மொத்தமா இஞ்ச வந்திருவேன். ஒனக்க வீட்டுக்குப் பக்கத்துல எனக்க பங்குல வீடு வச்சு, முன்னால இத நடணும். அது வர நீ பாத்துக்கிடுவியா?"

"என்ன அக்கா இப்பிடிக் கேக்குத? நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கதே இதத்தான். தண்டுல இருந்து செடி, வேருல இருந்து செடி, இலையில இருந்து செடி. எல்லாத்துக்கும் மார்க்கு உண்டு."

அடுக்களையிலிருந்து என் மனைவி ஷீபாவின் குரல் வந்தது. "மைனி, அந்த முருங்கைக் கம்புக்க கதையையும் கேட்டுக்கிடுங்க."

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். என்னிடம் சொல்லவேண்டியதைத் தெளிவாகத்தான் சொன்னாள். "வெட்டின எடம் ரெண்டு நாள் நெழல்ல கெடந்து காயட்டு. பின்ன மணல் கூடின மண்ணுல ஊணு. உரம் போடப்பிடாது. தண்ணி கண்டமானம் ஊத்தப்பிடாது. இது பட்டினி கெடந்தாதான் நிமிந்து நிக்கும். ஸ்நேகம் கூடினா செத்துப்போவும், கேட்டியா?"

கேட்டேன். எட்டு நாள் அப்படியே செய்தும் வந்தேன். கம்பை லேசாக இழுத்துப் பார்த்தபோது அது மண்ணைப் பிடித்துக்கொண்டது. ஆறும் வேர் விட்டிருந்தன. அந்த நிமிடம் நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை. அக்கா இங்கிலாந்து திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அவளை வாட்ஸாப்பில் அழைத்து, செடியைக் காட்டி, புகைப்படமும் அனுப்பினேன். அதற்கடுத்த ஞாயிறும் அழைத்தேன். அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

பிரச்சினை என் பெருமையில்தான் தொடங்கியது. வேர் பிடித்த செடி, அதுவும் தாசன் அத்தானின் செடி, என் வீட்டில் வெறும் மணலைத் தின்று கிடப்பதா? எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றாலும் இலை போட்டு உட்கார வைப்போம். செடிக்கு மட்டும் பட்டினியா? ஒரு பிடி ஆட்டுப்புழுக்கை, ஒரு பிடி கடலைப் பிண்ணாக்கு, ஆறு தொட்டிக்கும் சமமாகப் பரிமாறினேன். ஒரு வாரத்தில் ஆறும் தளதளவென்று வளர்ந்தன. அடுத்த வாரம் இரண்டு தொட்டியில் தண்டு அடியில் கறுத்து, தொட்டதும் பழைய வாழைப்பழம் போல் கையோடு வந்துவிட்டது.

"மைனி உரம் போடாதேன்னு சொன்னாவ இல்லியா?" என்றாள் ஷீபா.

"அது இங்கிலாந்து மண்ணுக்கு," என்றேன்.

மீதி நான்கும் வாடியது போல் தெரிந்தது. (இப்போது யோசித்தால் அவை வாடவில்லை. நான் ஒரு நாளைக்கு ஒன்பது தடவை போய்ப் பார்த்ததில் அப்படித் தெரிந்திருக்கிறது.) எங்கள் ஊரில் ஒரு செடி மேல் தனிப்பிரியம் இருந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. மீன் கழுவிய தண்ணீர். கறிவேப்பிலைக்கு அது, மிளகுச் செடிக்கு அது, ரோஜாவுக்கும் அதுதான். எந்த வீட்டில் எந்தச் செடிக்குச் செல்லம் என்று தெரிய வேண்டுமானால் அடுக்களைப் பின்வாசலில் நின்று மூக்கால் மோந்து பார்த்தால் போதும். அன்றைக்கு நல்ல சாளை கிடைத்திருந்தது. ஷீபா கறிவேப்பிலைக்கு என்று எடுத்து வைத்த சட்டியை அவள் பார்க்காத நேரம் தூக்கிக்கொண்டு போய் நான்கு தொட்டிக்கும் விட்டேன்.

மறுநாள் காலையில் மூன்று தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. சாளை வாசம் மண்ணுக்குள்ளிருந்து வருவதை மோப்பம் பிடித்து, மீனும் உள்ளேதான் இருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பூனை தோண்டியிருக்கிறது. அதன் தர்க்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மூன்று செடிகளையும் தூர எறிந்துவிட்டு, ஏமாந்த கோபத்தில் இலைகளையும் பிய்த்துப் போட்டிருந்தது. பொறுக்கி எடுத்து நட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

ஒரே ஒரு கம்பு மிச்சம். அதோடு இடவப்பாதி மழையும் வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் இந்தப் பக்கத்தில் மழை பெய்வது என்பது மேலிருந்து கீழே வருவது மட்டுமல்ல, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் வரும். தொட்டியை வராந்தாவில் வைத்தால் சாரல், உள்ளே வைத்தால் இருட்டு. கடைசியில் முற்றத்து நாற்காலி ஒன்றில் தொட்டியை வைத்து, அதற்கு மேல் என் குடையை விரித்துக் கட்டினேன். நான் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனேன். குடைக்கடியில் செடி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. சாலையில் போனவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கிறார்கள். பதினோராம் நாள் அதுவும் தலை சாய்ந்தது.

எனக்கு அழுகை வந்தது. கேலி இல்லை, உண்மையாகவே வந்தது. "எனக்குன்னு மிச்சம் இந்த ஆறு கம்புதான்" என்று அக்கா சொன்ன குரல் காதிலேயே நின்றது. அழுகிய தண்டில் ஓர் இலை மட்டும் கெட்டியாக இருந்தது. இலையிலிருந்தும் இந்தச் செடி வரும் என்று எங்கோ படித்திருந்தேன். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, மழைக்கு இளகிக் கிடந்த மதிலோரத்து மண்ணை வாரித் தொட்டியை நிரப்பி, இலையை அதன் மேல் வைத்து, தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். அந்த ஞாயிறு அக்காவை அழைக்கும்போது கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லி, பழைய புகைப்படம் ஒன்றை அனுப்பினேன்.

"நல்லா நிக்குதாலே?"

"நல்லா நிக்குது அக்கா."

பன்னிரண்டாம் நாள் அந்த இலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பச்சைக் குருத்துகள் எட்டிப் பார்த்தன. சதைப்பற்றான இலை. ஓரத்தில் பல். நான் முற்றத்தில் நின்று கத்தியதில் ஷீபா தேங்காய் விழுந்து எனக்கு மண்டை உடைந்துவிட்டது என்று ஓடிவந்தாள்.

அதன்பிறகு அந்தச் செடியைப் பிடிக்க முடியவில்லை. மழை அதை ஒன்றும் செய்யவில்லை. புழுக்கை போட்டேன், தின்றது. மீன் தண்ணீர் விட்டேன், குடித்தது. பூனை தோண்டிப் போட்டது, விழுந்த இடத்தில் வேர்விட்டது. செப்டம்பரில் முப்பது தொட்டிகள் நின்றன. அப்போதுதான் இன்னொரு அதிசயத்தையும் கண்டேன். கீழே விழுந்த இலை ஒன்றின் ஓரத்திலிருந்து, பல்லுக்குப் பல், குட்டிக் குட்டியாகச் செடிகள் முளைத்திருந்தன. எந்தப் புத்தகத்திலும் ஸீடம் இப்படிச் செய்வதாக இல்லை. குளிர்நாட்டுச் செடி ஒன்று எங்கள் சூட்டுக்கும் மழைக்கும் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது!

என் வகுப்பில் இலைவழி இனப்பெருக்கத்துக்கு உதாரணமாக ஒரே ஓர் இலையைத்தான் வரைவேன். பாடப்புத்தகத்தில் உள்ள பிரையோஃபில்லம் இலை. ஓரத்தில் வரிசையாகக் குட்டிச்செடிகள். அன்றுவரை பன்னிரண்டு வருடம் அதைக் கரும்பலகையில் வரைந்திருந்தேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன். அந்தக் குட்டிச்செடிகளைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "அடடா, பிரையோஃபில்லம் போலவே இருக்கிறதே!" அது போலவே இருக்கிறது என்று வியந்தேனே தவிர, அதுவேதான் என்று தோன்றவில்லை. ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பும் எழுதிவிட்டேன்.

ஷீபா ஒரு நாள் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "கேட்டீளா, நம்ம மதிலுக்கு அடியில நிக்குமே, அது மாதிரி இல்லியா இது?"

"நீ படிச்சது காமர்ஸ்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். திருமணமான ஆண்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். நான் நிற்கவில்லை. பாஸ்டருக்கு ஒரு தொட்டி கொடுத்தேன். தலைமை ஆசிரியைக்கு ஒன்று, பஞ்சாயத்து மெம்பருக்கு ஒன்று. அத்தானைப் போலவே நேரில் போய், கதை சொல்லிக் கொடுத்தேன். டிசம்பரில் பூவும் வந்தது. ஆனால் அத்தானின் பூ குடைபோல் மேல்நோக்கி விரியும். இது மணி மணியாகத் தலைகீழாகத் தொங்கியது. எங்கள் ஊர்ச் சூட்டில் களைத்துப்போய்த் தொங்குகிறது என்று முடிவு செய்தேன். அக்காவுக்குப் பூ தெரியாமல் இலையை மட்டும் படம் பிடித்து அனுப்பினேன். நேரில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்ற நல்லெண்ணம்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஜனவரியில் வரும். வீட்டில் விளைந்ததில் முதலானதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பூவன் குலை, சேனை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், பத்து முட்டை என்று எதுவும் வரும். ஊரே கூடும். சபைக்காரர் அல்லாதவர்களும் வந்து சேவல் எடுத்துப் போவார்கள். அந்த வருடம் அக்காவின் விமானம் பண்டிகையன்று காலையில்தான் திருவனந்தபுரத்தில் இறங்கியது. வீட்டுக்கு வராமல் பெட்டிகளோடு நேரே கோயிலுக்கே வந்துவிட்டாள். என் திட்டத்துக்கு அது தேன் விட்டது போல் ஆயிற்று. இருந்ததிலேயே பெரிய தொட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, சிவப்பு ரிப்பன் கட்டி, காணிக்கைப் பொருட்களின் நடுவில் வைத்திருந்தேன்.

ஏலம் விடுகிறவர் ராஜையன் அண்ணன். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். அவருக்கு மைக் தேவையில்லை, ஆகவே மைக்கை நான் வாங்கிக்கொண்டேன். தொட்டிக்கு முன்னால் நின்று பேசினேன். தாசன் அத்தான் கொல்லயிலிலிருந்து புறப்பட்டுப் போனதில் தொடங்கினேன். கடல் கடந்து வந்த ஆறு கம்புகள், உரம், மழை, குடை என்று வரிசையாகச் சொன்னேன். (பூனையைச் சொல்லவில்லை.) "இந்த மண்ணில் முதல்முறையாக வேர்பிடித்து, இலையிலிருந்தே குட்டி ஈனும் அளவுக்கு நம்மவர்களில் ஒருவராகிவிட்ட செடி இது" என்று சொன்னபோது பந்தலில் கைதட்டல் எழுந்தது.

அக்கா முன்வரிசையில் இருந்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்தி, தலையைக் குனிந்து, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அத்தானை நினைத்து அழுகிறாள் என்று நானும் உருகிவிட்டேன். அந்த உருக்கத்தில் பேச்சை இன்னும் ஐந்து நிமிடம் நீட்டினேன்.

ஏலம் தொடங்கியது. நெய்யாற்றின்கரையில் பெயர்பெற்ற வக்கீல் ஒருவரும் வாழைக்குலை வியாபாரி ஒருவரும் போட்டிக்கு இறங்கினார்கள். விலை பூவன் குலையைத் தாண்டியது, சேவலையும் தாண்டியது. ராஜையன் அண்ணன் "ஒரு தரம்" என்று கத்தினார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணோ! நில்லுங்கோ. அந்தச் சட்டிய ஒண்ணு தூக்கிக் காட்டுங்கோ."

சரோஜம் அக்கா. பஞ்சாயத்துத் தொழிலுறுதி வேலையில், அதாவது நூறு நாள் வேலையில், சாலையோரமும் மதிலோரமும் களை பறிக்கும் பெண்களுக்குத் தலைவி. சேவல் எடுக்க வந்திருந்தாள்.

"எந்தா சரோஜம், ஏலம் கேக்குதியா?"

"எனக்கெதுக்கு? எந்தெ தெய்வமே, இது நம்ம எலைமொளச்சியல்லே! கெட்டிப்போட்டா குட்டிபோடும்! போன ஆழ்ச்சயாக்கும் நாங்க பாஸ்டருக்க வீட்டு மதிலோரத்துல இருந்து இத ரெண்டு கடவம் பறிச்சுத் தட்டினோம். எனக்க வீட்டுக் கக்கூசுக்குப் பின்னால ஒரு காடே நிக்குது. வக்கீல் சாரே, வேணுமெங்கி நாளைக்கு ஒரு கெட்டு கொண்டு தாறேன். சும்மா போதும்."

வக்கீல் எழுந்து தொட்டியை உற்றுப் பார்த்தார். பிறகு எங்கோ ஓர் ஓரத்தில் தொடங்கி, சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. கட்டிப்போட்டால் குட்டிபோடும்! சிறுவயதில் புத்தகத்துக்குள் வைத்து முளைக்கவைத்த இலை. எங்கள் வீட்டு மதிலுக்கடியில் நிற்கிற இலை. அந்த மதிலோரத்து மண்ணைத்தான் நான் வாரிக்கொண்டு வந்து தொட்டியில் நிரப்பினேன். அதில் கிடந்த எந்த இலைத்துண்டோ முளைத்திருக்கிறது. அத்தானின் இலை ஜூன் மாதமே மக்கிப் போயிருக்கும். எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் விளங்கியது. பன்னிரண்டு வருடம் கரும்பலகையில் வரைந்த பிரையோஃபில்லம் ரிப்பன் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றது.

புத்தியுள்ளவன் அங்கேயே மைக்கைக் கீழே வைத்திருப்பான். நான் அதில் பேசினேன். "இரண்டும் ஒரே குடும்பம்தான். கிராசுலேசியே குடும்பம். ஆகவே இந்த ஒற்றுமை..."

"சாரே," என்றார் ராஜையன் அண்ணன், "குடும்பம் நல்ல குடும்பந்தான். ஆளு மாறிப்போச்சே!"

வக்கீலும் வியாபாரியும் கையை மடக்கிக்கொண்டார்கள். பாஸ்டர் தன் வீட்டு வராந்தாவில் நிற்கும் தொட்டியை நினைத்திருக்க வேண்டும், வானத்தைப் பார்த்தார். ஷீபா என்னைப் பார்த்து மெதுவாக, உதட்டை மட்டும் அசைத்து, "காமர்ஸ்" என்றாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நான் நின்றபோது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "எனக்கு வேணும்," என்றாள் அக்கா. கடைசியாகக் கேட்ட அதே விலைக்கு எடுத்தாள். அப்போதுதான் பார்த்தேன். அவள் அழுதிருக்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்திருந்தது.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். தொட்டி அக்காவின் மடியில் இருந்தது. வீட்டில் ஷீபா காப்பி போடப் போனதும் அக்கா கேட்டாள். "எப்பலே செத்துது?"

"இடவப்பாதியில." பூனை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். சாளைத் தண்ணீரைச் சொல்லும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மன்னிச்சிரு அக்கா. மொதல்ல நான் பொய்தான் சொன்னேன். பெறவு சத்தியமா அதுதான்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்லே. நீ ஜூலையில அனுப்பின போட்டோ கண்டப்பளே தெரியும். இருவத்தாறு வருசம் அந்தச் செடிக்க மொகத்துல முழிச்சவளாக்கும் நான்."

"பின்ன ஏன் அக்கா சொல்லேல்ல?"

அவள் தொட்டியிலிருந்த ரிப்பனைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "அத்தான் போனப்பெறவு ஞாயிறாழ்ச்ச எனக்க போன் அடிக்காதுலே. நீ கிறிஸ்மசுக்கு ஒண்ணு விளிப்ப, ஈஸ்டருக்கு ஒண்ணு விளிப்ப. செடி வந்தப்பெறவுதான் ஆழ்ச்ச தவறாம விளிச்ச. அரமணிக்கூர் பேசுவ. பாதி பொய்யி, இருந்தாலும் பேசுவ. செத்துப்போச்சேலேன்னு நான் சொல்லியிருந்தா நீ மன்னிப்புக் கேட்டுட்டுப் போன வச்சிருவ. பின்ன அடுத்த ஞாயிறு நான் என்ன செய்ய?"

பந்தலில் பட்ட வெட்கம் வேறு, இது வேறு. பந்தலில் பட்டது காது மடலோடு நின்றுவிட்டது. இது உள்ளே எங்கோ போய் உட்கார்ந்தது. அக்காவை விசாரிக்க எனக்கு ஒரு செடி தேவைப்பட்டிருக்கிறது.

ஆனாலும் எரிச்சல் முழுக்கப் போகவில்லை. "சரி, தெரியும்லா? மைக்குல அவ்வளவு நேரம் என்னப் பேச விட்டிருக்கணுமா?"

"நீ மைக்க விட்டாதானேலே?" என்றாள்.

"அத்தானுக்க செடி போச்சே அக்கா."

"அது எங்க போச்சு? அந்த ஊருல அத்தான் கொடுத்த எல்லா வீட்டுலயும் நிக்குது. எனக்கு ஆசைதான், இஞ்சயும் நிக்கும்னு. நிக்கேல்ல. போவட்டு." ரிப்பனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

இது நடந்து ஏழு வருடமாகிறது. நான் கொடுத்த தொட்டிகளை யாரும் திருப்பித் தரவில்லை, எறியவும் இல்லை. கேட்டால் "இங்கிலாந்துச் செடி" என்கிறார்கள். கொல்லயிலில் யாராவது தெரியாத விஷயத்தைத் தெரிந்தது போல் பேசினால் "சார் ரிப்பன் கெட்டுதாரு" என்பார்கள். என் வகுப்பில் இலைவழி இனப்பெருக்கம் நடத்தும் நாளில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் உள்ளே ஓர் இலை இருக்கும். ஏழு வருடமாக ஏழு வேறு வேறு வகுப்பு. இவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. (அவள் காமர்ஸ் படித்தவள்.)

அக்கா எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு வைத்தாள். வீட்டு முன்னால், அத்தானின் செடி நிற்கவேண்டிய இடத்தில், வரிசையாக இலைமுளைச்சி நிற்கிறது. மழை தாங்கும், மீன் தண்ணீர் தாங்கும், வில்சனையும் தாங்கும் என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள். அவள் வீட்டு வாசலுக்கும் என் வீட்டு வாசலுக்கும் இருபது அடி. கோயிலுக்கு ஒன்றாகப் போய், ஒன்றாகத் திரும்பி, அவரவர் வாசலில் செருப்பைக் கழற்றுவோம். ஐந்து நிமிடத்தில் என் போன் அடிக்கும். எடுக்காவிட்டால் மதிலுக்கு மேல் தலை தெரியும், அதனால் எடுத்துவிடுவேன்.

"எலே, செடி எப்பிடி நிக்குது?"

"நல்லா நிக்குது அக்கா."

"போட்டோ அனுப்பு," என்பாள். இந்த ஞாயிறும் அனுப்பினேன்.